"படித்த அனைவரும் தேர்ச்சி": நெட் பேப்பர் 1 லாஜிக் கிளாஸ் போய்ட்டு வந்த கதை

இன்ஸ்டிட்யூட் பேரு போட மாட்டேன், கமெண்ட்ல கேக்காதீங்க. மதுரையில ஜெராக்ஸ் கடைக்கு மேல மாடியில நடக்கிற ஒரு சின்ன சென்டர், அவ்வளவுதான். பேங்க் எக்ஸாமுக்கு ரொம்ப வருசமா கோச்சிங் குடுக்கிறாங்க, இப்ப நெட், அதாவது காலேஜ் வாத்தியார் வேலைக்கான தகுதித் தேர்வு, அதோட பேப்பர் ஒன்னுக்கும் ஆரம்பிச்சிருக்காங்க. அதுல லாஜிக்கல் ரீசனிங் யூனிட் மட்டும் தனியா 8 ஞாயித்துக்கிழமை, காலைல பத்துல இருந்து ஒரு மணி வரைக்கும், பீஸ் 3,500, அதுல புக்கும் ஆப்ல டெஸ்ட் சீரீஸும் சேர்த்தி. நான் எம்.ஏ தமிழ். பேப்பர் டூ சொந்த சப்ஜெக்ட், எனக்கு பிரச்சனையே இல்ல, பேப்பர் ஒன்னுலதான் ரெண்டு தடவ மண்ணக் கவ்வினேன், அதுலயும் இந்த யூனிட்ல. மொத்தம் 50 கேள்வி, யூனிட்டுக்கு சுமாரா 5, அதாவது 10 மார்க்கு. பத்து மார்க்குக்கு 3,500 ரூவாயான்னு வீட்ல திட்டினாங்க, நியாயமான கேள்விதான்.

மாடிப்படி ஏறும்போதே ஒரு பெரிய பேனர். "எங்களிடம் நெட் படித்த மாணவர்கள் அனைவரும் தேர்ச்சி". இந்த பேனர ஞாபகம் வச்சுக்குங்க, இந்த ரிவ்யூ முழுக்க அதச் சுத்தித்தான் வரப்போகுது.

கிளாஸ் எடுக்கிறவர் ரிடையர்ட் பிலாசபி சார். சாக்பீஸ், கரும்பலகை, ஒரு பிளாஸ்க் டீ, வேற ஒன்னும் கிடையாது. ஸ்லைடு கிடையாது. முதல் நாள் உள்ள வந்து குட்மார்னிங் கூட சொல்லாம போர்டுல "எல்லா மல்லியும் பூ"ன்னு எழுதினார், இத வச்சு உங்களால என்னென்ன சொல்ல முடியும், ஒவ்வொருத்தரா சொல்லுங்கன்னார். சில பூ மல்லின்னு ஒருத்தி சொன்னா, சரின்னார். பூ இல்லாதது எதுவும் மல்லி இல்லன்னு ஒரு தம்பி சொன்னான், ஓ பலேன்னார். எல்லா பூவும் மல்லின்னு யாராவது சொல்வீங்களான்னு கேட்டார், எல்லாரும் சிரிச்சோம், அப்ப அவர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு, "மல்லின்னு சொன்னா சிரிக்கிறீங்க, அதுவே எஸ்ஸு பின்னு எழுதினா பாதி பேர் எக்ஸாம் ஹால்ல அதத்தானய்யா டிக் பண்ணிட்டு வர்றீங்க". என்னையத்தான் சொன்னார்ங்கிற மாதிரி இருந்துச்சு, ஏன்னா நான் அப்படித்தான் பண்ணிருக்கேன்.

சிலபஸ் தெரியாதவங்களுக்கு சுருக்கமா. பழைய தர்க்கத்துல, அதாவது அரிஸ்டாட்டில்ல ஆரம்பிச்சு ஐரோப்பாவுல ரெண்டாயிரம் வருசம் போல ஓடின சரக்குல, வாக்கியம் நாலே வகைதான். எஸ்-னா எதப் பத்தி பேசறோமோ அது, பி-ன்னா அதப் பத்தி சொல்றது. எல்லா எஸ்ஸும் பி, இது ஏ. எந்த எஸ்ஸும் பி இல்ல, இது ஈ. சில எஸ் பி, இது ஐ. சில எஸ் பி இல்ல, இது ஓ. ஏ ஐ ரெண்டும் லத்தீன்ல அஃபிர்மோ, ஆமான்னு சொல்றேன்ங்கிற வார்த்தையில இருந்து எடுத்த உயிரெழுத்து, ஈ ஓ ரெண்டும் நேகோ, இல்லன்னு சொல்றேன்ங்கிறதுல இருந்து. இந்த ஒரு தகவல நான் ரெண்டு வருசமா எந்த கைடுலயும் பாத்ததில்ல, பாத்திருந்தா எது பாசிட்டிவ் எது நெகட்டிவ்னு மாத்தி மாத்தி குழம்பிருக்கவே மாட்டேன். முதல் ரெண்டும் முழுக்கூற்று, பின்னாடி ரெண்டும் பகுதிக்கூற்று. முழுக்கூற்றுதான் ஆபத்தானது, ஏன்னா பாக்கிறதுக்கு ரொம்ப தெளிவா இருக்கும்.

சார் கிட்ட எனக்கு ரொம்ப பிடிச்சது டிஸ்ட்ரிபியூஷன், அதாவது ஒரு பதத்த வாக்கியம் முழுசா பேசுதாங்கிறது, அத நடத்தினது. இது எல்லாரும் மனப்பாடம் பண்ற ஏரியா, ஏ-யில முதல் பதம் பரவியிருக்கும், ஈ-யில ரெண்டும், ஐ-யில ரெண்டும் இல்ல, ஓ-வுல ரெண்டாவது மட்டும். ஏன்னு கேட்டா எவனும் சொல்ல மாட்டான். இவர் சொன்னார். எல்லா மல்லியும் பூன்னா மல்லி ஒன்னு விடாம பேசிட்ட, ஆனா பூ எல்லாத்தப் பத்தியும் ஒன்னும் சொல்லல, ரோஜா செவ்வந்தி எல்லாம் பாட்டுக்கு கெடக்கு. எந்த மல்லியும் ரோஜா இல்லன்னா ரெண்டு கூடையையும் முழுசா கொட்டிப் பாத்தாச்சு. சரி, சில பூ மல்லி இல்ல, இதுல எப்படி சார் மல்லி முழுசா வருதுன்னு நான்தான் கேட்டேன். "ஏம்மா, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல ஒரு பூவ கையில எடுத்து இது மல்லி இல்லன்னு சொல்லணும்னா, அங்க இருக்கிற மல்லி குவியல் மொத்தத்துல இருந்தும் இத தள்ளி வச்சாகணுமில்ல, பாதி குவியலோட மட்டும் ஒப்பிட்டு இது மல்லி இல்லன்னு சொல்லிட முடியுமா?" முடிஞ்சது. ரெண்டு வருச டவுட் அரை நிமிசத்துல போச்சு. என்னைப் பொறுத்தவரைக்கும் 3,500ல ரெண்டாயிரம் அங்கயே வசூல்.

அதுக்கப்புறம் தப்பு கண்டுபிடிக்கிறது ஒரு விளையாட்டு மாதிரி ஆயிருச்சு. எல்லா மல்லியும் பூ, எந்த ரோஜாவும் மல்லி இல்ல, அதனால எந்த ரோஜாவும் பூ இல்ல. தப்புன்னு கண்ணுக்கே தெரியுது, ஆனா எங்க தப்பு? முடிவுல பூவ முழுசா பேசறோம், ஆரம்பத்துல பூவ முழுசா பேசவே இல்லயே, வாங்காத கடனுக்கு வட்டி கட்டற மாதிரி. இதுக்கு இல்லிசிட் மேஜர்னு பேரு. இன்னொன்னு, எல்லா அசிஸ்டண்ட் புரொபசரும் பிஜி முடிச்சவங்க, நானும் பிஜி முடிச்சவ, அதனால நானும் அசிஸ்டண்ட் புரொபசர். இது நான் கிளாஸ்ல சொன்ன உதாரணம், கிளாஸே சிரிச்சுது, கொஞ்சம் அழுதுச்சும் கூட. ரெண்டு வாக்கியத்தையும் சேக்கிற நடுப்பதம், இங்க பிஜி முடிச்சவங்க, ஒரு தடவையாவது பரவியிருக்கணும், இதுல ரெண்டு எடத்துலயும் பரவல. பிஜி முடிச்சவங்க கூட்டம் எவ்வளவு பெருசுன்னு நமக்குத்தான் தெரியுமே.

சரி இப்ப குறைகளுக்கு வரேன், இதுக்காகத்தான் எழுத உக்காந்தேன்.

முதல் குறை புக்கு. 140 பக்கம், இங்கிலீஷும் தமிழும் பக்கத்து பக்கத்துல. நெட் கேள்வி இங்கிலீஷ், இந்தியிலதான் வரும், இருந்தாலும் நம்ம ஊர் பசங்களுக்கு புரியட்டும்னு தமிழ் போட்டிருக்காங்க, நல்ல எண்ணம்தான், பாராட்டணும். ஆனா யாரோ மிஷின்ல போட்டு எடுத்து அப்படியே பிரிண்ட் அடிச்சிருக்காங்க. ஈ வாக்கியம் வர்ற எடத்துல எல்லாம் "எல்லா எஸ்ஸும் பி அல்ல"ன்னு இருக்கு. ஒரு எடம் ரெண்டு எடம் இல்ல, 20 எடத்துக்கு மேல எண்ணிட்டு விட்டுட்டேன்.

தமிழ் படிச்சவளுக்கு இது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நம்ம வீட்ல "கல்யாணத்துக்கு எல்லாரும் வரல"ன்னு சொன்னா என்ன அர்த்தம்? கொஞ்சம் பேர் வந்தாங்க, கொஞ்சம் பேர் வரலன்னுதான யாரும் எடுத்துப்பாங்க. ஒருத்தர் கூட வரலன்னா "யாரும் வரல"ன்னு சொல்வோம். இது நான் சொல்றது இல்ல, நன்னூல்ல முற்றும்மை சில எடத்துல எச்சமும் ஆகும்னு பவணந்தி முனிவர் தெளிவா எழுதி வச்சிட்டுப் போயிட்டார், உரைக்காரங்க காட்டற உதாரணமே "எல்லாரும் வந்திலர்"தான், சிலர் வந்தாங்கங்கிறது அதுல மிச்சமா நிக்குது. அதாவது முழுசா எல்லாத்தையும் வளைச்சுப் பிடிக்கிற உம், பின்னாடி ஒரு இல்ல வந்து உக்காந்ததும் பிடிய விட்டுடுது. ஈ-யா இருக்க வேண்டிய வாக்கியம் தமிழ்ல ஓ ஆயிருச்சு! ஈ-க்கும் ஓ-வுக்கும் என்ன வித்தியாசம்னா, ஓ-ங்கிறது ஏ-வுக்கு நேர் முரண், ஒன்னு உண்மைன்னா இன்னொன்னு கண்டிப்பா பொய். ஈ-யும் ஏ-யும் அப்படி இல்ல, ரெண்டும் சேர்ந்து உண்மையா இருக்க முடியாது, ஆனா ரெண்டுமே பொய்யா இருக்கலாம். எல்லா கேள்வியும் அந்த வித்தியாசத்துலதான் வருது, அந்த வித்தியாசத்தையே புக்கு அழிச்சிருச்சு. "எந்த எஸ்ஸும் பி அல்ல"ன்னு போட்டிருந்தா முடிஞ்சது கதை.

ஆப்ல இருக்கிற மாக் டெஸ்ட்டுலயும் இதே கதை. "எல்லா மாணவர்களும் தேர்வு எழுதவில்லை, இது எவ்வகைக் கூற்று"ன்னு கேள்வி, நான் ஓ-ன்னு போட்டேன், ஆன்சர் கீ ஈ-ன்னு சொல்லுது. டெலிகிராம் குரூப்ல எழுதினேன், நன்னூல் எல்லாம் சொல்லி பெருசா எழுதினேன், அட்மின் கட்டவிரல் போட்டு "சார்ட்ட கேட்டு சொல்றோம் மேடம்"ன்னார். இன்னிக்கு வரைக்கும் சொல்லல. சார் கிட்ட நேர்ல கேட்டா அவர் பாவம், "அந்த ஆப்ப நான் பாத்ததே இல்லம்மா, நீ சொல்றது சரி"ன்னுட்டு போர்டுல பெருசா எழுதிப் போட்டார், யாரும், எதுவும், எந்த, இதுல ஒன்னு இருந்தாத்தான் ஈ-ன்னு. சென்டர்ல மேல நடக்கிறது கீழ ஆபீஸ்க்கு தெரியாது, கீழ நடக்கிறது மேல தெரியாது.

ரெண்டாவது குறை ரீபண்ட். இது கொஞ்சம் காமெடி. ஆப் மூனு வாரம் ஓப்பனே ஆகல, லாகின் பண்ணா சுத்திக்கிட்டே இருக்கும். டெஸ்ட் சீரீஸ் காச மட்டுமாவது திருப்பிக் குடுங்கன்னு கேட்டேன். ரசீதுக்குப் பின்னாடி காட்டினாங்க, "செலுத்திய எந்தக் கட்டணமும் திருப்பித் தரப்படமாட்டாது". எந்த-ன்னு சரியா போட்டிருந்தாங்க பாருங்க, காசு விசயம்னா மட்டும் ஈ வாக்கியம் கரெக்டா வருது! ஆனா எங்க பேட்ச்ல ஒரு பொண்ணு ரெண்டாவது வாரமே வேல கெடச்சு நின்னுட்டா, அவளுக்கு பாதி காசு குடுத்தது எனக்குத் தெரியும். ஒரே ஒரு ஐ போதும், ஈ காலி. அங்க நின்னு பெருசா வாதம் பண்ணேன், அப்புறம்தான் எனக்கே உறைச்சுது, ஈ பொய்னு நிரூபிச்சா ஐ உண்மை, அதாவது சில கட்டணம் திருப்பித் தரப்படும், அவ்வளவுதான், ஏ உண்மைன்னு வராது, என் கட்டணம் அந்த சிலதுல இருக்குன்னும் வராது. ஆபீஸ்ல இருந்த அக்கா லாஜிக் படிக்காமலேயே இத ஒரே வார்த்தையில சொன்னாங்க, "அது வேற கேஸுங்க". காசு வரல.

இந்த சில-ங்கிற வார்த்தைய பத்தியும் ஒன்னு சொல்லியாகணும். நாம பேசும்போது சில இட்லி வெந்துருச்சுன்னா மிச்சம் வேகலன்னு அர்த்தம். தர்க்கத்துல அப்படி இல்ல, சில-ன்னா ஒன்னாவது, எல்லாமே கூட இருக்கலாம். ஐ உண்மைன்னதும் ஓ-வையும் சேத்து டிக் பண்றது வீட்டுத் தமிழ் பண்ற வேல. இதுல நான் போன தடவ ஒரு கேள்வி விட்டேன்னு நெனைக்கிறேன்.

இனிமே வர்றதுதான் முக்கியமான விசயம், அஞ்சாவது ஞாயிறு. அன்னிக்கு நடந்தத தனியா ஒரு ரிவ்யூவே எழுதலாம்.

சிலபஸ எடுத்துப் பாருங்க, ஒரே யூனிட்ல கிளாசிக்கல் ஸ்கொயர் ஆஃப் அப்போசிஷன்னும் இருக்கு, வென் டயகிராம்னும் இருக்கு. முதலாவது, ஏ ஈ ஐ ஓ நாலையும் சதுரத்தோட நாலு மூலையில வச்சு ஒன்னு உண்மைன்னா மத்தது என்ன ஆகும்னு காட்டறது, ரெண்டாவது அதே வாக்கியங்கள வட்டம் போட்டுக் காட்டறது. ரெண்டும் ஒன்னுக்கொன்னு ஒத்துப்போகாதுன்னு எந்த கைடும் சொல்றதில்ல. பழைய சதுரத்துல ஏ உண்மைன்னா கீழ இருக்கிற ஐ தானா உண்மை. எல்லா மல்லியும் பூ, அதனால சில மல்லி பூ. பேங்க் எக்ஸாம்லயும் இப்படித்தான், என் தம்பி கண்ண மூடிட்டு ஆல்-னா சம் ஃபாலோஸ்னு போட்டுடுவான், மார்க்கும் வரும். ஆனா ஜான் வென்ங்கிற இங்கிலீஷ்காரர் 1880ல கொண்டு வந்த படத்துல எல்லா எஸ்ஸும் பி-ன்னா பி-க்கு வெளிய இருக்கிற எஸ் பகுதிய கறுப்படிக்கிறோம், அங்க ஒன்னும் இல்லன்னு அர்த்தம், அவ்வளவுதான். எஸ்ஸும் பி-யும் சேர்ற எடத்துல ஏதாவது இருக்கான்னு படம் வாயே திறக்கல. சில-ன்னா அங்க ஒரு குறி போடணும், குறிய எங்க இருந்து கொண்டு வர்றது? அதனால அந்த படத்துப்படி ஏ-வுல இருந்து ஐ வராது. அதுக்கு முன்னாடி ஆய்லர்னு கணக்குக்காரர் 1760கள்ல ஒரு ஜெர்மன் இளவரசிக்கு லெட்டர் எழுதி வட்டம் போட்டு சொல்லிக்குடுத்தார், அது வட்டத்துக்குள்ள வட்டம், வட்டம்னு போட்டாலே உள்ள ஆள் இருக்குன்னு நம்ம மனசு எடுத்துக்கும், அதனால அங்க இந்த வம்பு வெளிய தெரியல. கோச்சிங் சென்டர்கள்ல வென் டயகிராம்னு பேர சொல்லிட்டு ஆய்லர் வட்டத்ததான் போடறாங்கன்னு சார் சொன்னப்ப நான் என் பழைய நோட்ட பொரட்டிப் பாத்தேன், ஆமா, எல்லாமே ஆய்லர்.

ஏன் இந்த சண்டை? சார் போர்டுல எழுதினது "எல்லா முயற்கொம்பும் கூர்மையானது". முயலுக்கு கொம்பே கிடையாது. இந்த வாக்கியம் உண்மையா பொய்யா? பத்தொம்போதாம் நூற்றாண்டுல ஜார்ஜ் பூல்ங்கிற கணக்குக்காரர் வழிக்கு வந்தவங்க சொல்றது, கூர்மையில்லாத முயற்கொம்பு ஒன்ன கொண்டு வந்து காட்டு, காட்ட முடியாதுல்ல, அப்ப வாக்கியம் உண்மைதான். எந்த முயற்கொம்பும் கூர்மையானது இல்லங்கிறதும் அதே மாதிரி உண்மை! ஏ-யும் ஈ-யும் சேர்ந்து உண்மை, பழைய சதுரம் சுக்குநூறா போச்சு, மூலைக்கு மூலை போற முரண் கோடு ரெண்டு மட்டும்தான் மிச்சம். பழைய ஆளுங்களுக்கு இந்த பிரச்சன வரல, ஏன்னா எல்லா-ன்னு பேச ஆரம்பிச்சாலே அந்த பேச்சுக்குரிய பொருள் ஒன்னாவது உலகத்துல இருக்குன்னு வச்சுக்கிட்டுத்தான் அந்த சதுரமே நிக்குது.

இந்த எடத்துல நான் கையத் தூக்கினேன். "சார், கீழ பேனர்ல எங்களிடம் நெட் படித்த மாணவர்கள் அனைவரும் தேர்ச்சின்னு போட்டிருக்கே, நெட்டுக்கு இது எத்தனாவது பேட்ச்?"

சார் டீய வாயில வச்சவர் எறக்கிட்டார். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "இதாம்மா முத பேட்ச்சு"ன்னார்.

கிளாஸ்ல ஒரு நிமிசம் சத்தமே இல்ல, அப்புறம் சிரிப்பு அடங்க பத்து நிமிசம் ஆச்சு. பூல் கணக்குப்படி அந்த பேனர்ல ஒரு பொய்யும் இல்ல, ஃபெயிலான ஒரு ஆள காட்டு பாப்போம்! அரிஸ்டாட்டில் கணக்குப்படி படிச்ச ஆளே இல்லாதப்ப அனைவரும்ங்கிற பேச்சே எடுக்கக்கூடாது. ஆய்லர் வட்டத்த நம்பி படி ஏறின கேஸு நானு. சார் அந்த பேனரயே அன்னிக்கு மிச்ச கிளாஸுக்கு உதாரணமா வச்சுக்கிட்டார், அவர் சம்பளம் வாங்குற எடத்து பேனர்ங்கிறத பத்தி கவலையே படல, அதுக்கே ஒரு ஸ்டார் எக்ஸ்ட்ரா.

அதே வேகத்துல பார்பாரா, செலாரெண்ட் பாட்டுக்கும் வந்தார், சரியான வாத வடிவங்களோட பேர ஞாபகம் வச்சுக்க போட்ட பழைய லத்தீன் பாட்டு அது. முன்னாடி எனக்கு அது வெறும் மந்திரம். நாலு வகை வாக்கியம், ரெண்டு ஆதாரம் ஒரு முடிவுன்னு மூனு எடம், அப்படி 64 மூட், நடுப்பதம் நிக்கிற எடத்த வச்சு நாலு ஃபிகர், மொத்தம் 256, அதுல பழைய கணக்குப்படி தேறுறது 24, புதுக் கணக்குப்படி 15, இதுதான் எல்லா கைடுலயும் இருக்கு. அந்த 9 எங்க போச்சுன்னு இருக்காது. சார் சொன்னது, பாட்டுல பேர் இருக்கிறது 19, மிச்ச 5 ஏற்கனவே முழுக்கூற்றா முடிவு கெடச்ச எடத்துல சில-ன்னு குறைச்சு சொல்றது. அந்த 19ல டராப்டி, ஃபெலாப்டன், பிரமாண்டிப், ஃபெசாப்போ இந்த நாலுல மட்டும் இங்கிலீஷ் எழுத்துல பி வரும், பேப்பர் பேனாவுக்கு வர்ற பி, தமிழ்ல ரெண்டு பி-க்கும் ஒரே ப-ங்கிறதால நாம கவனிக்கவே மாட்டோம். அந்த எழுத்துக்கு அர்த்தம், இங்க ஏ-வ திருப்பும்போது, அதாவது எஸ்ஸையும் பி-யையும் எடம் மாத்தும்போது, ஐ-யா குறைச்சு திருப்பணும்னு. அதாவது எஸ் இருக்குன்னு கடன் வாங்குற எடம் எதுவோ அங்க அந்த எழுத்து அடையாளம் வச்ச மாதிரி நிக்குது. 4 கூட்டல் 5, ஒம்போது. பதிமூனாம் நூற்றாண்டு வாத்தியாருங்க பையன் திருப்பிப் போடற முறை மறக்காம இருக்க பேருக்குள்ளயே ஒளிச்சு வச்சது, அறுநூறு வருசம் கழிச்சு எவனோ கேக்கப்போற சண்டைக்கு லிஸ்ட் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிருச்சு. அன்னிக்கு நைட்டு நான் 19 பேரையும் எழுதி ஒவ்வொன்னா பாத்தேன், கரெக்டா நாலுதான். தூக்கம் வரல.

இந்தியத் தர்க்கம் பகுதி ஏழாவது வாரம். இங்க சார் கொஞ்சம் அவசரமா ஓட்டினார், அது ஒரு குறைதான், ஏன்னா சிலபஸ்ல பிரமாணம் (அறியற வழி), அனுமானம் (ஊகிச்சு அறியறது), வியாப்தி (இது இருந்தா அது இருக்கும்ங்கிற மாறாத தொடர்பு), ஹேத்வாபாசம் (தப்பான காரணம்)னு பாதி யூனிட் அதுதான். மலையில புகை, அதனால நெருப்பு, எங்கெங்க புகையோ அங்கங்க நெருப்பு, சமையலறை மாதிரி. நான் சொன்னேன், சார் இது எங்களுக்கு பிஜியில வந்ததுதான், மணிமேகலையில இருபத்தொம்பதாவது காதையில அறவண அடிகள் காஞ்சியில மணிமேகலைக்கு சொல்லித்தர்றார், பக்கம், ஏது, திட்டாந்தம்னு, அதாவது சொல்ல வர்றது, காரணம், எடுத்துக்காட்டு, உதாரணம் கூட இதே மலை இதே புகை, சமையலறைக்கு அங்க அடுக்களைன்னு வரும், ஹேத்வாபாசத்துக்கு ஏதுப்போலின்னு பேரு. அவருக்கு அது தெரியல, தெரியலன்னு சொல்லவும் கூச்சப்படல, "வா, நீ வந்து பத்து நிமிசம் எடு"ன்னு சாக்பீஸ கையில குடுத்துட்டார். போலிங்கிற வார்த்தைய சொன்னதும் கிளாஸுக்கு உடனே புரிஞ்சுது, போலி நகை, போலி டாக்டர், போலிக் காரணம். ஹேத்வாபாசம்னு மூனு தடவ எழுதினாலும் வராதது ஒரே வார்த்தையில வந்துருச்சு. புக்குல ஏன் இத போடலன்னு நான் கேக்கல, கேட்டா எனக்கு பதில் தெரியும்.

எடுத்துக்கிட்டு இருக்கும்போதே எனக்கு ஒன்னு தோணுச்சு. நம்ம ஆளுங்க எங்கெங்க புகையோ அங்கங்க நெருப்புன்னு முழுக்கூற்ற மொட்டையா விடல, கூடவே அடுக்களை போலன்னு ஒரு எடத்த காட்டிடறாங்க. அடுக்களைக்குள்ள போய்ப் பாத்துக்கலாம், புகை இருக்கு, நெருப்பு இருக்கு. முயற்கொம்பு வம்பு இங்க வாசப்படியிலயே நின்னுரும், ஏன்னா கூர்மையான முயற்கொம்புக்கு திட்டாந்தம் எத காட்டுவ? அந்த பேனருக்கும் இதே கேள்விதான், அனைவரும் தேர்ச்சி சரி, யார் போல? ஒரு போட்டோ, ஒரு பேரு? சார் இத கேட்டுட்டு தலைய மட்டும் ஆட்டினார், அப்புறம், திருப்பிப் போடறதுக்கும் உங்க ஆளுங்க கிட்ட மருந்து இருக்கும்மான்னு பழுக்கக் காய்ச்சின இரும்ப சொன்னார், அதுல நெருப்பு இருக்கு, புகை இல்ல, அதனால எங்க நெருப்போ அங்க புகைன்னு சொல்ல முடியாது, விறகு ஈரமா இருந்தாத்தான் புகை. எல்லா மல்லியும் பூ, எல்லா பூவும் மல்லி இல்லங்கிற முத நாள் பாடம்தான், ரொம்ப தூரம் சுத்திட்டு அதே எடத்துக்கு வந்து நின்னுச்சு.

மத்தபடி வசதி எல்லாம் சுமார்தான். ஃபேன் ரெண்டு, ஒன்னு ஓடாது. பாத்ரூம் கீழ, சாவி ஜெராக்ஸ் கடைக்காரர் கிட்ட. லேடீஸ் தனியா வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு பயமில்ல, பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு மணிக்கு விட்டுருவாங்க, தேனியில இருந்து வந்த பொண்ணுங்க ரெண்டு பேர் நாலு மணிக்கெல்லாம் வீட்ல இருப்பாங்க. நாள் ஒன்னு கூட கேன்சல் பண்ணல, இது பெரிய விசயம்.

பீஸ்ல புக்கு ஆப் வேண்டாம் கிளாஸ் மட்டும்னு கேட்டுப் பாருங்க, ஆபீஸ்ல மாட்டேன்னுதான் சொல்வாங்க, ரெண்டு தடவ கேளுங்க. புக்கு கண்டிப்பா வாங்க வேணாம், வாங்கினீங்கன்னா தமிழ்ப் பக்கத்த ஸ்டேப்ளர் அடிச்சு மூடிட்டு இங்கிலீஷ் பக்கம் மட்டும் பாருங்க. பேங்க் எக்ஸாமும் சேத்து படிக்கிறவங்க ஒரு விசயம் ஞாபகம் வச்சுக்குங்க, எல்லா-வுல இருந்து சில வரும்னு பேங்க்ல கண்ண மூடிட்டு போடலாம், நெட்ல ஸ்கொயர்ல இருந்து கேட்டா அப்படியே போடலாம், வென் டயகிராம் வச்சு கேட்டா மட்டும் ரெண்டு தடவ யோசிங்க. சாருக்கு அஞ்சுக்கு அஞ்சு. சென்டருக்கு ரெண்டு, அந்த ரெண்டும் சார வேலைக்கு வச்சிருக்கிறதுக்கு.

எக்ஸாம் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. லாஜிக்ல வந்த கேள்வில ஒன்னு தவிர எல்லாம் சரி, அந்த ஒன்னும் அனாலஜி. ஆனா மொத்தத்துல என் சப்ஜெக்ட் கட்ஆஃப்புக்கு கொஞ்சம் கீழ நின்னுட்டேன், கணக்கு யூனிட் வழக்கம்போல காலை வாரிருச்சு. எங்க பேட்ச் 14 பேர்ல ரெண்டு பேர் பாஸ், அதுல ஒன்னு அந்த பூ இல்லாதது எதுவும் மல்லி இல்லன்னு சொன்ன தம்பி. சந்தோசம்.

போன வாரம் சர்டிபிகேட் ஜெராக்ஸ் எடுக்க அந்த கடைக்கே போனேன். பேனர் இன்னும் அங்கயேதான் இருக்கு, ஒரு எழுத்து மாத்தல, ஓரம் மட்டும் வெயில்ல வெளுத்திருக்கு. நான் பரிட்சை எழுதற வரைக்கும் அது பூல் கணக்குல உண்மையாவாச்சும் இருந்துச்சு, இப்ப எந்த கணக்குலயும் கிடையாது, அதுக்கு கீழயே சில மாணவர்கள் தேர்ச்சி இல்லங்கிற ஓ வாக்கியம், அதான் நானு, ஜெராக்ஸுக்கு சில்லறை தேடிக்கிட்டு நின்னுச்சு. சார் மாடியில இருந்து எறங்கி வந்தார், பாத்ததும், "ஏம்மா, வர்ற ஞாயிறு புது பேட்ச் ஆரம்பிக்கிறேன், சும்மா வந்து உக்காரு, மணிமேகலை நீதான் எடுக்கணும், பழைய ஸ்டூடண்ட்டுக்கு பீஸ் கிடையாது"ன்னார். எல்லா பழைய ஸ்டூடண்ட்டுக்குமா சார்னு கேக்க வாய் வந்துச்சு, கேக்கல. போகப்போறேன்.